'தானா நடக்கும்'னு சொல்லாதீங்க

போன பௌர்ணமிக்கு மலை சுத்த வந்த சென்னை நண்பர் ஒருத்தர், ராத்திரி முழுக்க சுத்தி முடிச்சுட்டுக் காலையில எங்க வீட்டுக்கு வந்தார். ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டுல மேற்கே வந்து உள்ளே திரும்பினா எங்க கொல்லை. களத்துல ரெண்டு சவுக்குக் கம்பை முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேல, பக்கத்துப் பக்கத்துல படுக்க வெச்சுக் கட்டியிருக்கறதைப் பார்த்துட்டு, "என்னங்க இது, கன்னுக்குட்டி கட்டறதுக்கா?"ன்னு கேட்டார்.

"இல்லீங்க, பேரன் நடக்கறதுக்கு"ன்னேன்.

காப்பி குடிக்கிற வரைக்கும் அவர் பேசவே இல்லை. எனக்கும் அன்னைக்கு விளக்கிச் சொல்ல வரலை. இப்ப மல்லாட்டைக்குக் களை எடுத்து முடிஞ்சு கொஞ்சம் ஓய்வா இருக்கேன். அதனால உட்கார்ந்து எழுதறேன். இதுல என் தப்பும் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன்.

பேரன்னா என் அண்ணன் மகளோட பையன். எட்டாம் மாசத்துலயே பிறந்துட்டான். கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்துதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. உயிர் தங்கினதே போதும்னு இருந்தோம். எட்டு மாசம் ஆகியும் கழுத்து சரியா நிக்கலை. தூக்கினா ரெண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கும். வலது கை எப்பவும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளுக்குள்ள. அண்ணி அப்பவே, "எங்கயாவது காட்டலாமா?"ன்னு கேட்டாங்க.

அதுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "எங்கப்பாவே ரெண்டரை வயசுலதான் நடந்தாராம். குறைமாசப் பிள்ளை, முன்னப் பின்ன ஆவும். மல்லாட்டை புடுங்கி முடிக்கட்டும், பார்த்துக்கலாம்."

மல்லாட்டை முடிஞ்சுது, கார்த்திகை தீபம் வந்துது. தீபம் முடிஞ்சு பொங்கல். அப்புறம் நெல் அறுப்பு, சித்திரை, ஆடிக் கிருத்திகை. நடுவுல ஒரு தனியார் டாக்டர்கிட்ட காட்டினோம். நரம்புக்குன்னு டானிக் எழுதிக் கொடுத்தார், ஆறு பாட்டில் காலியாச்சு. எண்ணெய் தேச்சு உருவி விடற ஒருத்தர்கிட்ட பதினஞ்சு நாள் தூக்கிட்டுப் போனோம். பிள்ளை அலறினதுதான் மிச்சம். இப்படியே ஒரு வருஷம் போயிடுச்சு.

கடைசியில கண்டுபிடிச்சது வீட்டு ஆளுங்க யாரும் இல்லை. அங்கன்வாடிக்கு ஒரு நாள் மருத்துவக் குழு வந்துது. 2013ல மத்திய அரசு ஆரம்பிச்ச குழந்தைகள் நலத் திட்டம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு வண்டியில டாக்டர், நர்ஸ் எல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கும், ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கும் வந்து, பிறந்த குழந்தையிலேருந்து 18 வயசு வரைக்கும் பார்க்கணும். அந்த டாக்டரம்மா பேரனை உட்கார வெச்சுப் பார்த்தாங்க, கையை விரிச்சுப் பார்த்தாங்க, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, "நாளைக்கே போங்க"ன்னாங்க. அப்ப அவனுக்கு ஒரு வயசு எட்டு மாசம்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. அங்க பிசியோதெரபி பார்க்கற பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். எல்லாம் பார்த்துட்டு எங்களைத் திட்டலை. "ஐயா, ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க. அண்ணன் மக என்னைத் திரும்பிப் பார்த்தா. "சித்தப்பா நீங்கதானே சொன்னீங்க"ன்னு அவ கேட்கலை. கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்தப் பொண்ணு சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். இதுக்குப் பேரு மூளை முடக்குவாதம். பிறக்கறதுக்கு முன்னாடியோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச நாள்லயோ மூளையில ஒரு இடம் பாதிச்சுடுது. குறைமாசம், மூச்சுத் திணறல், கவனிக்காம விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, இப்படிப் பல காரணம். பாதிச்ச இடத்தை மாத்த முடியாது. ஆனா சின்ன வயசுல மூளை பச்சை மண்ணு. அந்த இடம் செய்யாத வேலையைப் பக்கத்துல இருக்கற இடம் ஓரளவுக்குக் கத்துக்கும். அதுக்குத் தினமும் அந்த அசைவைக் காட்டிக் கொடுக்கணும். முதல் ரெண்டு வருஷத்துல அது சுலபமா நடக்கும். போகப் போக கஷ்டம். நடுவுல சும்மா விட்டா சதை இறுகிக் காலே கோணிக்கும்.

விவசாயிக்கு இதைவிட எப்படிச் சொல்லணும்? நாத்து முப்பது நாள் தாண்டி முத்திட்டா, அப்புறம் எந்த உரம் போட்டாலும் தூர் கட்டறது குறைச்சல்தான். எனக்கு அது தெரியும். நாத்துக்குத் தெரிஞ்சது பேரனுக்குத் தெரியலை.

பத்தாவதுல எங்க தமிழ் ஐயா பிள்ளைத்தமிழ் நடத்தினது ஞாபகம் இருக்கு. அதுல குழந்தையைப் பருவம் பருவமாப் பிரிச்சிருப்பாங்க. மூணாம் மாசம் காப்பு. அஞ்சாம் மாசம் செங்கீரை, அதாவது ரெண்டு கையையும் தரையில ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடறது. ஏழாம் மாசம் தால். ஒன்பதாம் மாசம் சப்பாணி, ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டறது. பதினொண்ணுல முத்தம். பதிமூணுல வருகை, நடந்து வர்றது. அன்னைக்கு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினேன். நாப்பது வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி எல்லாம் அதேதான். "கை ஊன்றித் தலை தூக்கினானா? எந்த மாசத்துல? கை தட்டினானா?" எங்களுக்குப் பதில் தெரியலை. புலவர்கள் கணக்கு வெச்சிருந்தாங்க, படிச்ச நான் வெச்சுக்கலை. சாமிக்கும் ராஜாவுக்கும் பாடினதுன்னு நினைச்சு விட்டுட்டேன்.

அதனால நகரத்துல இருக்கறவங்களும் சரி, கிராமத்துல சொந்தக்காரங்க இருக்கறவங்களும் சரி, இதைக் கொஞ்சம் மனசுல வாங்கிக்குங்க. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அடையாளங்கள்:

1. நாலு மாசம் முடிஞ்சும் கழுத்து நிக்கலை.
2. நாலு மாசத்துக்கு அப்புறமும் விரல் எப்பவும் மூடியே இருக்கு.
3. ஒரு வயசு ஆகறதுக்கு முன்னாடியே ஒரே கையை மட்டும் நீட்டுது. 'இடது கைக்காரன்'னு நாம சிரிப்போம். அது இன்னொரு கை வேலை செய்யாத அடையாளமா இருக்கலாம்.
4. ஒன்பது மாசம் ஆகியும் பிடிமானம் இல்லாம உட்காரலை.
5. ஒன்றரை வயசு ஆகியும் நடக்கலை.
6. தூக்கினா உடம்பு கட்டை மாதிரி விறைக்குது, இல்லைன்னா ஈரத்துணி மாதிரி துவளுது.
7. முன்னாடி செஞ்சதை இப்ப செய்யலை. இது இருந்தா ஒரு நாள்கூட தள்ளிப் போடக்கூடாது.

குறைமாசப் பிள்ளைக்கு, பிறக்க வேண்டிய தேதியிலேருந்து மாசத்தை எண்ணணும். அப்படி எண்ணியும் பின்தங்கினா காட்டிடணும். காட்டினதுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா ஒரு நாள் கூலி போச்சு, அவ்வளவுதான். காட்டாம விட்டா என்ன போகும்னு நான் பார்த்துட்டேன்.

நகரத்துல இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. குழந்தையை உள்ளே உட்கார வெச்சு உருட்டற பிளாஸ்டிக் வாக்கர் வாங்கறீங்க இல்லையா, அதைத் தொடவே வேண்டாம்னு பிசியோகாரங்க சொல்றாங்க. அது பிள்ளையை நடக்க வைக்காது. தொங்கிக்கிட்டு நுனிக்காலால தள்ளப் பழகிடும், படியில உருண்டு மண்டை உடையும். கனடா நாட்டுல 2004லயே அதை விக்கக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. நம்ம தச்சர் செய்யற மூணு சக்கர நடைவண்டி அப்படி இல்லை. அதுல பிள்ளை தன் கால்ல நின்னு, தன் பாரத்தைத் தானே தாங்கித் தள்ளுது. பழசு எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரலை. நாள் முழுக்கத் தூளியில போட்டு ஆட்டறதும் பழசுதான். முழிச்சிருக்கும்போது பிள்ளையைத் தரையில குப்புறப் போட்டு நாம பக்கத்துல இருக்கணும், தூங்கும்போது மல்லாக்கப் போடணும். எங்க ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல பிள்ளையைப் போட்டு எண்ணெய் தேச்சு, கை காலை இதமா மடக்கி நீட்டிக் குளிப்பாட்டுவாங்க. அது நல்லதுதான். ஆனா விறைச்ச காலை வலுக்கட்டாயமா உருவி இழுக்கறது வைத்தியம் இல்லை, வதை.

இப்ப சவுக்குக் கம்பு கதைக்கு வரேன். ஆரம்பத்துல வாரத்துக்கு மூணு நாள் வரச் சொன்னாங்க. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு 2021லேருந்து டிக்கெட் கிடையாது, மாற்றுத் திறனாளிக்கும் கூட வர்றவங்களுக்கும் கிடையாது. அது பெரிய உதவி. ஆனா டிக்கெட் மட்டுமா செலவு? ரெண்டு பஸ் மாறி, வரிசையில நின்னு, திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிடும். அண்ணன் மக நூறு நாள் வேலைக்கும் போக முடியாது, நடவுக்கும் போக முடியாது. பௌர்ணமி வந்தா பஸ்ஸே இந்தப் பக்கம் திரும்பாது. ரெண்டு மாசத்துல வாரம் மூணு நாள், ஒரு நாளாச்சு.

அப்பதான் அந்தப் பொண்ணு சொன்னாங்க: "ஐயா, நான் அரைமணி நேரம் செய்யறது வைத்தியம் இல்லை. நீங்க வீட்டுல நாள் முழுக்கச் செய்யறதுதான் வைத்தியம். உங்க வீட்டுல என்னென்ன இருக்கு, சொல்லுங்க."

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. வாரத்துக்கு ஒரு நாள் மடையைத் திறந்து விடறது வேற, சொட்டுநீர் விடறது வேற. வீட்டுல இருந்ததை வெச்சே ஆரம்பிச்சோம். கோணியில உமியை அடைச்சு உருளையாத் தெச்சோம். அது மேல குப்புறப் போட்டா தலையைத் தூக்கியே ஆகணும். சுவர் மூலையில பலகை அடிச்சு, கால் அகல வெச்சு உட்கார ஒரு இடம். அப்புறம் களத்துல ரெண்டு சவுக்குக் கம்பு, பத்தடி நீளம், மேல் பட்டையெல்லாம் சீவி வழவழன்னு தேய்ச்சுக் கட்டினேன். எந்த உயரம், எவ்வளவு அகலம்னு ஆஸ்பத்திரியில அளவு சொன்னாங்க. வலது கைக்கு என்ன தெரியுமா மருந்து? மல்லாட்டை உரிக்கிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினாத்தான் தோலு உடையும். முதல்ல ஒரு காய் உரிக்க அரைமணி நேரம் ஆச்சு. உரிச்சதை அவனே தின்னலாம்னு சொன்னதுக்கு அப்புறம் வேகம் வந்துடுச்சு.

இப்ப அஞ்சு வயசு முடிஞ்சுது. கம்பைப் பிடிச்சு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வரான். கைப்பிடி வண்டியைத் தள்ளிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது போறான். வலது குதிகால் இன்னும் தரையில முழுசாப் படியலை, காலுக்கு சிலுப்பர் மாதிரி ஒரு பட்டை போட்டிருக்கோம். ஒரு வருஷம் முன்னாடி போயிருந்தா படிஞ்சிருக்குமான்னு கேட்டேன். "அதை யோசிக்காதீங்க ஐயா"ன்னாங்க. அது இல்லைன்னு சொல்ற பதில் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

இனிமே என் கருத்து. அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்ல மாட்டேன். மெடிக்கல் காலேஜுல காசு கேட்கலை. ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் இருக்கு, பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளுக்கு அங்க சிறப்பாசிரியரும் பிசியோவும் உண்டு. கடுமையா பாதிச்சவங்களுக்கு மாசம் உதவித்தொகையும் உண்டு. 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டு வர்றாங்க. எங்க தெருவுல பக்கவாதம் வந்த பெரியவர் ஒருத்தர் அதுலதான் எழுந்து நடந்தார்.

என் கேள்வி ஒண்ணுதான். பெரியவரைத் தேடி வர்ற அந்த வண்டி, குழந்தையைத் தேடி வாராவாரம் வரக்கூடாதா? பெரியவர் இழந்ததைத் திரும்ப வாங்கறார். குழந்தை இன்னும் வாங்கவே இல்லை. அதோட காலம்தான் ரொம்பக் குறைச்சல்.

முடியாத காரியம்னு சொல்லாதீங்க. தென்காசி பக்கத்துல ஆய்க்குடியில அமர் சேவா சங்கம்னு ஒண்ணு இருக்கு. அதை ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, 1975ல கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்துல விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்து போனவர். 1981ல சங்கத்தைத் தொடங்கினார். 2020ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. தசைச் சிதைவு நோயோட சக்கர நாற்காலியில இருக்கற சங்கரராமன் அவரோட சேர்ந்து நடத்தறார். அங்க என்ன செய்யறாங்கன்னா, உள்ளூர் ஆளுங்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடா அனுப்பறாங்க. அவங்க பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கறாங்க, தாய்க்கும் சொல்லிக் கொடுக்கறாங்க, செல்போன் செயலியில பதிவு பண்றாங்க, நிபுணர் அதைப் பார்த்து வழி சொல்றார். பக்கத்து வேலூர்ல, 1954ல விபத்துல ரெண்டு காலும் போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் செஞ்சாங்க. அவங்க தலைமையிலதான் 1966ல சி.எம்.சி.யில மறுவாழ்வு மையம் வந்துது. இதெல்லாம் எங்கயோ அமெரிக்காவுல இல்லை. நம்ம ஊர்ல நடந்தது.

எங்க ஊர்ல பன்னெண்டாவது முடிச்சுட்டு மாலை கட்டிக்கிட்டு இருக்கற பொண்ணுங்க எத்தனையோ பேர். ஒரு ஊராட்சிக்கு ஒருத்திக்கு ஆறு மாசம் பயிற்சி கொடுத்து, பிசியோ மாசம் ரெண்டு தடவை வந்து மேற்பார்வை பார்த்தா, அண்ணன் மக மாதிரி எத்தனை தாய்மாருக்குக் கூலி மிஞ்சும்?

வளர்ந்த பிள்ளைங்களைப் பத்தியும் சொல்லணும். அவங்களைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. அடுத்த தெருவுல ஒரு பொண்ணு, பதினாலு வயசு. சின்ன வயசுல ஒழுங்காப் பயிற்சிக்குப் போயி, கம்பைப் பிடிச்சு நடந்தவ. பன்னெண்டு வயசுல கிடுகிடுன்னு வளர்ந்தா. அந்த வயசுல எலும்பு நீளற வேகத்துக்கு சதை நீளாது, அதனால இறுக்கம் திரும்ப வரும், அப்பதான் பயிற்சி அதிகம் வேணும். ஆனா அப்பத்தான் நிறுத்தினாங்க. காரணம் என்ன? அவ அம்மாவால அவளைத் தூக்கி பஸ்ஸுல ஏத்த முடியலை. வயசுக்கு வந்த பொண்ணை அப்பன் தூக்கிட்டுப் போறதுக்கும் கூச்சம். இப்ப அவ வீட்டு வாசல்ல உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கா. படிப்பும் நின்னு போச்சு. எட்டு வருஷம் அந்தத் தாய் பட்ட பாடு ரெண்டு வருஷத்துல வீணாப் போச்சு. இது நோயால வந்தது இல்லை. வண்டி வராததால வந்தது.

அதே மாதிரி, கால் வளைஞ்சு பிறந்த ஒரு பிள்ளைக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாத்தி ஆறே வாரத்துல நேராக்கினாங்க. கத்தி வெச்சது குதிகால் நரம்புல ஒரு சின்னக் கீறல்தான். அப்புறம் கம்பி வெச்ச செருப்பு, முதல் மூணு மாசம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, அதுக்கப்புறம் நாலு வயசு வரைக்கும் தூங்கும்போது போடணும். பிள்ளை அழுவுதுன்னு அப்பன் கழட்டி எறிஞ்சுட்டான். கால் பழையபடி திரும்பிடுச்சு. வாரத்துக்கு ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா கழட்டினே?"ன்னு கேட்டிருந்தா போதும்.

கடைசியா உங்களுக்கு ஒரு வார்த்தை. கோச்சுக்காதீங்க. பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் நடந்து வர்றீங்க. வழியெல்லாம் அன்னதானம் போடறீங்க. சாம்பார் சாதம் தின்னது போக மிச்சம் காலையில ரோட்டோரம் தட்டோட கிடக்கறதை நான் பார்க்கறேன். போடாதீங்கன்னு சொல்லலை. பசிக்குப் போடறது புண்ணியம்தான். ஆனா நீங்க நடக்கற அந்த ரோட்டுலேருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே, பத்தடி நடக்கறதுக்கு நாலு வருஷம் பாடுபடற பிள்ளை இருக்கு. ஒரு மாச அன்னதானக் காசுல அந்த மாதிரி ஒரு பிள்ளைக்கு வருஷம் முழுக்க ஆட்டோ செலவைக் கொடுக்கலாம். எங்களுக்குக் கேட்கலை, எங்க வீட்டுல சமாளிச்சுக்கறோம். வாசல்ல உட்கார்ந்திருக்கற பொண்ணை மனசுல வெச்சுத்தான் எழுதறேன்.

காசு கொடுக்க முடியாதவங்க ஒண்ணு செய்யுங்க. பிறந்த ஊருக்குப் போன் பேசும்போது, "பிள்ளை எப்படி இருக்கு?"ன்னு கேட்டுட்டு விட்டுடாதீங்க. "கழுத்து நின்னுடுச்சா? கை தட்டறானா? உட்கார்றாளா?"ன்னு கேளுங்க. "தானா நடக்கும்"னு யாராவது சொன்னா, நான் சொன்னேன்னு சொல்லி அவங்களை நாளைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

வெளியில பேரன் கூப்பிடறான். போன வாரம் ஆஸ்பத்திரியில, பையன் வளர்ந்துட்டான், கம்பு தாழ்வா இருக்கு, குனிஞ்சு நடக்கறான், ரெண்டு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கன்னு சொன்னாங்க. வெயில் ஏறறதுக்குள்ள அதைப் போய்ப் பார்க்கணும்.